யார் நடத்தும் குழு? மனநல ஆதரவுக் குழு தேடுவோர் எடைபோட வேண்டியவை

மனநலச் சிக்கலோடு வாழ்பவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கும் இப்போது அடிக்கடி சொல்லப்படும் யோசனை, "ஏதாவது ஒரு குழுவில் சேருங்கள்" என்பது. நல்ல யோசனைதான். ஆனால் எந்தக் குழுவில், யார் நடத்தும் குழுவில் என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. பாதிக்கப்பட்டவர்களே கூடி நடத்திக்கொள்ளும் குழுக்கள் உண்டு. பயிற்சி பெற்ற உளவியலாளரோ மனநல சமூகப் பணியாளரோ நடத்தும் ஆதரவுக் குழுக்கள் உண்டு. சிகிச்சைத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே நடக்கும் குழு சிகிச்சையும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: வட்டமாகப் போட்ட நாற்காலிகள், எட்டுப் பத்துப் பேர், ஒன்றரை மணி நேரப் பேச்சு.

இங்கே நான் எடைபோடுவது இரண்டாவது வகையை. இந்தக் குழுக்களின் பலமும் ஆபத்தும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. ஒரே துன்பத்தில் இருப்பவர்கள் சொல்வதை நாம் வேறு யார் சொல்வதைவிடவும் நம்புகிறோம். அந்த நம்பிக்கை ஆளைத் தூக்கியும் விடும், தவறான வழியில் இழுத்தும் செல்லும். அதைக் கவனித்துத் திசை திருப்புவதற்காகத்தான் அங்கே பயிற்சி பெற்ற ஒருவர் அமர்ந்திருக்கிறார். ஆகவே குழுவைத் தேடுபவர் நிறுவனத்தின் புகழைப் பார்ப்பதற்கு முன் நடத்துபவரின் நடைமுறையைப் பார்க்க வேண்டும்.

வகுப்பாகத் தொடங்கியது

1905-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், சானடோரியத்தில் சேர வசதியில்லாத ஏழைக் காசநோயாளிகளை வாரம் ஒருமுறை ஒன்றாக உட்காரவைத்தார். ஓய்வு, நல்ல காற்று, உணவு ஆகியவற்றைப் பற்றிப் பாடம் எடுப்பதே அவர் நோக்கம். வீட்டில் கடைப்பிடித்ததையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிவரச் சொன்னார். ஆனால் பாடத்துக்கு இணையாக வேறொன்றும் வேலை செய்தது. எடை கூடித் தேறி வந்த ஒருவரைப் பார்த்தபோது மற்றவர்களுக்கும் பிழைத்துக்கொள்வோம் என்ற தைரியம் வந்தது. குழு சிகிச்சையின் வரலாற்றை எழுதுபவர்கள் பலரும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

நம் நாட்டிலும் இதற்கென்று ஒரு வரலாறு இருக்கிறது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் பொறுப்பில் இருந்த டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். அவர்களைக் கூட்டி உட்காரவைத்து நோயைப் பற்றிப் பேசினார். கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும் இடமாக இருந்த மருத்துவமனையிலிருந்து, ஆளைத் திரும்ப வீட்டுக்கு அழைத்துப் போகும் துணிவு குடும்பங்களுக்கு வந்தது. வேலூர் சி.எம்.சி. மனநல மையமும் நோயாளியோடு உறவினர் ஒருவர் தங்குவதைச் சிகிச்சையின் பகுதியாகவே வைத்திருந்தது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனமும் குடும்பத்தைச் சிகிச்சையின் பங்காளியாகவே நடத்தியது. பராமரிப்பாளர் குழு என்பது மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான புதுமை என்று நினைப்பவர்கள் இதை அறிய வேண்டும்.

ரசம் சாதத்தில் ஒரு மாத்திரை

குழுவுக்குள் என்னதான் நடக்கிறது? மனச்சிதைவு நோயுள்ள பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாய்மார்களின் குழு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு தாய் சொல்கிறார்: "மாத்திரையை வாயில போட்டு நாக்குக்கு அடியில வச்சுக்கிட்டு, கொல்லைப்பக்கம் போய்த் துப்பிடுறான் மேடம். அதான், ரசம் சாதத்துல பொடிச்சுக் கலந்து குடுத்துடுறேன்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார். பக்கத்தில் இருப்பவர் அவர் கையைத் தொட்டு, "நீங்க மட்டும் இல்லக்கா, நானும் காபியில கலந்திருக்கேன்" என்கிறார். இருவர் தலையாட்டுகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து எதிரிலிருந்து ஒரு குரல்: "எங்க வீட்டுல அது அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. அன்னையிலிருந்து என் கையால சோறு வாங்கிச் சாப்பிட மாட்டேங்குறான்."

இந்தச் சில நிமிடங்களில் ஆதரவுக் குழுவின் முழு மதிப்பும் அடங்கியிருக்கிறது. கணவரிடமும் மருத்துவரிடமும் சொல்லாததை அந்தத் தாய் இங்கே சொன்னார். தன்னைப்போல் இன்னொருத்தியும் செய்திருக்கிறாள் என்று கேட்டதும் குற்ற உணர்ச்சி தளர்ந்தது. அதே நேரத்தில், பேச்சு இரண்டாவது தாயோடு நின்றிருந்தால், சொல்லாமல் மருந்து கலப்பதை எல்லோரும் செய்கிற காரியம் என்று குழு ஏற்றுக்கொண்டிருக்கும். சோற்றில் எதையோ கலக்கிறார்கள் என்று ஏற்கெனவே சந்தேகப்படும் நோயாளிக்கு அந்தச் சந்தேகம் உண்மையாகிவிடும்.

நல்ல நடத்துநர் இங்கே என்ன செய்வார்? முதல் தாய் சொன்னதும் "அப்படிச் செய்யக்கூடாதம்மா" என்று குறுக்கிட்டால், அந்தப் பேச்சு அங்கேயே செத்துவிடும். அவர் பொறுத்திருந்து, மூன்றாவது குரல் வருவதற்கு இடம் விடுவார். பிறகு, "டாக்டர்கிட்ட இதைச் சொல்லி வேற வழி கேட்டவங்க யாராவது இருக்கீங்களா?" என்று வட்டத்தைப் பார்த்துக் கேட்பார். மகனோடு பேசி, அவன் சம்மதத்தோடு மாதாந்திர ஊசிக்கு மாறிய குடும்பம் ஒன்று அங்கே இருக்கக்கூடும். இல்லையென்றால் அந்தத் தகவலை அவரே தருவார். குறுக்கிடாமல் இருப்பது, பிறகு பேசுவது, எது எப்போது என்று தெரிந்திருப்பது: அவருடைய பயிற்சி இங்கேதான் பயன்படுகிறது.

சான்றுகள் சொல்வது

ஆதரவாகக் கிடைக்கும் சான்றுகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது உகாண்டாவிலிருந்து வந்தது. அந்நாட்டின் தென்மேற்கில் 30 கிராமங்களில் நடந்த ஆய்வு 2003-ல் வெளியானது. பாதிக் கிராமங்களில் மனச்சோர்வு உள்ளவர்கள் ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாக, வாரம் ஒருமுறை 90 நிமிடம் என 16 வாரம் குழுவாகக் கூடினார்கள். முடிவில் குழுவில் இருந்தவர்களில் 6.5 விழுக்காட்டினருக்கே மனச்சோர்வு எஞ்சியிருந்தது. குழு இல்லாத கிராமங்களில் அது 54.7 விழுக்காடு. உலக சுகாதார நிறுவனம் 2016-ல் இந்த முறைக்கென்று ஒரு கையேடே வெளியிட்டது. அந்தக் குழுக்களை நடத்தியவர்கள் உளவியலில் பட்டம் பெற்றவர்கள் அல்லர். உள்ளூர் மொழி பேசும், குறுகிய காலப் பயிற்சி பெற்ற, தொடர்ந்து மேற்பார்வையிடப்பட்ட சாதாரண மனிதர்கள். சுவரில் மாட்டிய பட்டத்தோடு, நடத்துபவருக்குக் கிடைத்த பயிற்சியும் அவரை மேற்பார்வையிட ஒருவர் இருப்பதும் கணக்கில் வர வேண்டும் என்பதே இதன் பாடம்.

மறுபக்கச் சான்றுகளும் உண்டு. மார்பகப் புற்றுநோய் முற்றிய பெண்களுக்கு ஆதரவுக் குழு ஆயுளையே நீட்டிக்கிறது என்று டேவிட் ஸ்பீகலின் ஆய்வு 1989-ல் அறிவித்தது. 2001-ல் வெளிவந்த பெரிய ஆய்வு ஆயுள் கூடவில்லை என்று கண்டது. மனவேதனை குறைந்தது, வலியின் உணர்வு தணிந்தது, அவ்வளவுதான். அந்த "அவ்வளவுதான்" மிகப் பெரியது. ஆனால் கிடைக்காததைக் கிடைக்கும் என்று சொல்லி ஆள் சேர்ப்பது துன்பப்படுபவருக்குச் செய்யும் துரோகம்.

இன்னும் கடுமையான எச்சரிக்கை 1973-ல் வந்தது. மார்ட்டன் லீபர்மன், இர்வின் யாலோம், மாத்யூ மைல்ஸ் மூவரும் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் கலந்துகொண்ட உணர்வுப் பகிர்வுக் குழுக்களை ஆராய்ந்தார்கள். குழுவிலிருந்து மனம் காயப்பட்டு வெளியேறியவர்கள் இருந்தார்கள். வசீகரமும் வேகமும் கொண்டு, ஆட்களை உடைத்துப் பேசவைத்த தலைவர்களின் குழுக்களிலேயே காயங்கள் அதிகம். வளரிளம் பருவத்தினர் விஷயத்தில் 1999-ல் தாமஸ் டிஷியனும் சகாக்களும் காட்டியது வேறொன்று: நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டியபோது ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டு சிலரின் நடத்தை மேலும் மோசமானது.

நம் ஊரில் எங்கே இடறுகிறது

நம் சூழலில் நான் காணும் முதல் குறை, குழு அறிவுரை வகுப்பாக மாறிவிடுவது. டாக்டர், சார், மேடம் என்று அழைக்கப்படும் ஒருவர் வட்டத்தில் உட்கார்ந்தவுடன் எல்லோர் முகமும் அவர் பக்கம் திரும்பிவிடுகிறது. "நீங்களே சொல்லுங்க சார்" என்கிறார்கள், அவரும் சொல்லத் தொடங்கிவிடுகிறார். யோகா, நடைப்பயிற்சி, நேர்மறைச் சிந்தனை என்று நாற்பது நிமிடம் போகிறது. பிராட் வகுப்பெடுத்தார் என்றாலும் அவருடைய நோயாளிகளைத் தேற்றியதில் அவர்களின் சக நோயாளிகளுக்கும் பங்கிருந்தது. ஒரு குழு சரியாக நடக்கிறதா என்று அறிய எளிய வழி, அமர்வில் யார் யாரைப் பார்த்துப் பேசினார்கள் என்று கவனிப்பது. ஒவ்வொரு வாக்கியமும் நடத்துநரிடமே போய் முடிந்தால், அது கூட்டமாக உட்காரவைத்து எடுக்கும் பாடம்.

இரண்டாவது குறை ரகசியம். 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியின் விவரங்களைக் காக்கும் கடமையைச் சிகிச்சை தருபவர்கள் மீது வைக்கிறது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சக உறுப்பினரை அது கட்டுப்படுத்தாது. பெருநகரில் இது தாங்கக்கூடிய ஆபத்து. மூன்று தெரு தள்ளினால் உறவுக்காரர் இருக்கும் ஊரில், தங்கையின் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கும் வீட்டில், அது ஒருவரின் வாய்க்குப் பூட்டு போட்டுவிடும். தமிழ்நாட்டுப் பெண்களுக்குக் குழுவாக அமர்வது புதிதல்ல. 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் அந்தப் பழக்கத்தை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தன. ஆனால் கடன், சேமிப்புக் குழுவில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருப்பதுதான் பாதுகாப்பு. மனநலக் குழுவில் அதுவே பயம். பலர் யோசிக்காமல் செய்வது, சேர்ந்த அன்றே எல்லோரையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இணைத்துவிடுவது. பெயரும் படமும் எண்ணும் ஒரே நொடியில் எல்லோர் கைக்கும் போய்விடுகின்றன.

மூன்றாவது, குழு தாங்க முடியாத சுமையை அதன்மீது ஏற்றுவது. தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவருக்கும், நோய் முற்றிய கட்டத்தில் மாயக்குரல்கள் கேட்பவருக்கும், கடும் போதைப் பழக்கத்திலிருந்து இப்போதுதான் விடுபடுபவருக்கும் முதல் தேவை தனிப்பட்ட மருத்துவ கவனிப்பு. அடுத்த வாரக் கூட்டம் வரை அவர்கள் காத்திருக்க முடியாது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே அழைக்கலாம். தன் உறுப்பினர்களுக்கு இந்த எண்ணைக்கூடச் சொல்லிவைக்காத குழு, தன் எல்லையை அறியாத குழு.

கடைசியாக, கிடைப்பதே அரிது. நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. நோய்க்குத் தக்கபடி 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை. அரசு மருத்துவமனை ஓ.பி.யில் வரிசையைப் பார்த்து மாத்திரை எழுதவே நேரம் போதாதபோது ஒன்றரை மணி நேரக் குழுவுக்கு இடம் ஏது? நகரத்துத் தனியார் குழுக்கள் கட்டணத்தாலும், பல நேரம் ஆங்கிலத்தாலும், தேவைப்படுபவரை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன.

சேரும் முன் கேட்க வேண்டியவை

இத்தனைக்கும் பிறகு தேடுபவர் என்ன செய்வது? ஏற்கெனவே சிகிச்சை தரும் மனநல மருத்துவரிடமோ, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ, மாவட்ட மனநலத் திட்டத்தின் சமூகப் பணியாளரிடமோ கேட்டுத் தொடங்கலாம். குழுவின் பெயர் கிடைத்ததும் சில கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்.

நடத்துபவர் என்ன படித்தவர், எங்கே பயின்றவர், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார்? கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்பவரிடம் பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. கவுன்சலர் என்ற பலகையைச் சில வாரப் பயிற்சி முடித்தவரும் மாட்டிக்கொள்கிறார்.

சேர்ப்பதற்கு முன் என்னோடு தனியாகப் பேசுவாரா? இதுதான் எனக்குத் தெரிந்த ஆகச் சிறந்த அடையாளம். வருபவரையெல்லாம் அப்படியே வட்டத்தில் உட்காரவைப்பவர், யாருக்குக் குழு பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று பார்க்கும் அடிப்படை வேலையையே தவிர்க்கிறார்.

ஆட்கள் மாறாத குழுவா, யாரும் எப்போதும் வந்துபோகலாமா? ஆட்கள் மாறாத குழுவில் நம்பிக்கை ஆழமாக வளரும். வந்துபோகும் குழு, பிள்ளையைத் தனியே விட முடியாத தாய்க்கு வசதி. இரண்டும் சரியே, எது என்று முன்பே தெரிய வேண்டும். வெளியே பேசுவது, வாட்ஸ்அப், படம் எடுப்பது ஆகியவற்றுக்கு என்ன விதி? ஒருவர் நிலை மோசமானால் யாரை அழைப்பார்கள்? என் மருத்துவர் எழுதிய மருந்தைப் பற்றி இங்கே என்ன சொல்வார்கள்? "மாத்திரையை விட்டுவிடலாம்" என்று சொல்லும் குழுவிலிருந்து அன்றே விலகிவிடுங்கள்.

முதல் கூட்டத்தில் பேசியே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. மூன்று நான்கு அமர்வுகள் போய்ப் பாருங்கள். முதலில் மனம் கனத்துத் திரும்புவது இயல்புதான், மற்றவர் துயரத்தையும் சேர்த்துக் கேட்கிறோம். ஆனால் ஒவ்வொரு முறையும் சிறுமைப்பட்டவராகவோ பயந்தவராகவோ திரும்பினால், குறை உங்களிடம் இருப்பதாக எண்ணிக்கொண்டு தொடர வேண்டாம்.

என் கணிப்பு இது. தேர்ந்த ஒருவர் நடத்தும் ஆதரவுக் குழு, மருந்தும் தனி ஆலோசனையும் தர முடியாத ஒன்றைத் தருகிறது: தன் நிலையை விளக்க வேண்டிய அவசியமே இல்லாத மனிதர்களின் துணை. அந்தத் துணை பயன்படுவதும் காயப்படுத்துவதும் நடத்துபவரின் நிதானத்தைப் பொறுத்தது. மருந்துப் பட்டியலோடு அரசின் பொறுப்பு முடிந்துவிடக் கூடாது. ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் வாரம் ஒரு பராமரிப்பாளர் குழு, வாரம் ஒரு நோயாளிகள் குழு, கட்டணமின்றி, தமிழில், பயிற்சியும் மேற்பார்வையும் உள்ள ஊழியர்களால் நடத்தப்பட வேண்டும். உகாண்டாவின் கிராமங்களில் இயன்றது இங்கே இயலாது என்று சொல்ல நம்மிடம் நியாயமான காரணம் எதுவும் இல்லை.