எந்த ஜனவரி?

ஜனவரியில் சென்னை மாரத்தான் முடிந்த மறுவாரம் நகரத்து அலுவலகங்களில் ஓர் அறிவிப்பு வரும். பக்கத்து சீட்காரர் கழுத்தில் பதக்கத்தோடு வாட்ஸ்அப்பில் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, நாற்பத்தைந்தைத் தொட்ட ஒருவர் “அடுத்த வருஷம் நானும் ஃபுல் மாரத்தான்” என்பார். கடைசியாக அவர் ஓடியது பஸ்ஸைப் பிடிக்க. ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கணக்கு இடிப்பது தேதியில்.

வயது ஒரு தடையே இல்லை என்பதற்குச் சாட்சிகள் நிறைய. பிரிட்டனின் பிரிசில்லா வெல்ச் முப்பதைத் தாண்டும்வரை சிகரெட்டும் கையுமாக இருந்தவர். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் மாரத்தானில் ஆறாவதாக வந்தார். 1987இல் நியூயார்க் மாரத்தானை வென்றபோது வயது 42. ஜப்பானின் மரிகோ யுகெட்டா அறுபதைத் தாண்டிய பிறகு மூன்று மணி நேரத்துக்குள் ஓடிக்காட்டினார். இந்த இடத்தில் மேடைப் பேச்சாளர்கள் தவறாமல் ஃபௌஜா சிங்கை இழுப்பார்கள். 2000ஆம் ஆண்டு லண்டனில், கடவுச்சீட்டுப்படி 89 வயதில், முதல் மாரத்தான் ஓடியவர்தானே என்பார்கள். அவர் பஞ்சாபில் வயலில் உழைத்த மனிதர் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். இருபது வருடம் சுழல் நாற்காலியில் உட்கார்ந்த இடுப்புக்கும் அவர் கால்களுக்கும் ஒப்பீடே கிடையாது. வெல்ச் கூட ஒரே சீசனில் நியூயார்க் போய் நிற்கவில்லை. இடையே பல வருட ஓட்டம் இருக்கிறது.

உடம்பின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை என்பதுதான் சிக்கல். இதயமும் நுரையீரலும் சீக்கிரம் தேறிவிடும். ஆறேழு வாரம் ஒழுங்காக ஓடினால் மூச்சு வாங்குவது குறையும், கெண்டைக்கால் தசைகூட இறுகும். ஆனால் தசையை எலும்போடு கட்டும் நாண்களுக்கு ரத்த ஓட்டமே குறைவு. அவை கெட்டிப்பட மாதக்கணக்காகும். எலும்பும் அப்படித்தான், வயது ஏற ஏற இன்னும் தாமதம். அதனால் மூன்றாவது மாதத்தில் ஓர் ஏமாற்று வேலை நடக்கிறது. மூச்சு இடம் கொடுக்கிறதே என்று ஆள் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்தே கூட்டுகிறார். அதுவரை வாய் திறக்காத குதிகால் அப்போது பேசத் தொடங்கும். காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியிலேயே சுளீரென்று வலிக்கும். ஷூவை மாற்றுவார், தைலம் தேய்ப்பார், இரண்டு வாரம் ஓய்வெடுப்பார். பிறகு விட்டதைப் பிடிக்க இரண்டு மடங்கு ஓடுவார். தீபாவளி சமயத்தில் எலும்பு மருத்துவர் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் பாதிப் பேரின் கதை இதுதான் என்று அடித்துச் சொல்வேன்.

சென்னைக்காரருக்குக் காலண்டரும் எதிரி. ஜனவரி முதல் வாரப் பந்தயத்துக்கு வழக்கமான 18 வாரப் பயிற்சி ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பிக்கும். முதலில் ஒட்டிக்கொள்ளும் புழுக்கம்; வியர்வை ஆறாது, உடம்பு தணியாது. அடுத்து வடகிழக்குப் பருவமழை. ஞாயிறு அதிகாலை லாங் ரன் 26, 29, 32 கிலோமீட்டர் என்று ஏற வேண்டிய நவம்பரில்தான் தெருக்களில் தண்ணீர் நிற்கும், எந்தப் பள்ளம் எங்கே என்று தெரியாது. மூன்று ஞாயிறு மழையில் போனால் ஒரு சீசன் திட்டத்தில் ஈடுகட்ட இடமில்லை.

இனி பந்தய நாள். கெல்வின் கிப்டம் 2023இல் சிகாகோவில் 2 மணி 35 விநாடியில் உலக சாதனை படைத்தபோது முதல் பாதிக்கு 60 நிமிடம் 48 விநாடி, இரண்டாம் பாதிக்கு 59 நிமிடம் 47 விநாடி. அன்று உலகின் ஆக வேகமான மாரத்தான் வீரரே பாதிக்குமேல்தான் கையிருப்பை எடுத்துச் செலவழித்தார். நம் ஆள் செய்வது தலைகீழ். ஐந்து மணி நேர இலக்குக்கு கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 6 விநாடி போதும். நேப்பியர் பாலத்தில் அதிகாலை நான்கு மணிக் குளிரும் கூட்டமும் கொடுக்கும் உற்சாகத்தில் அவர் 6:20இல் பறக்கிறார். முதல் பத்து கிலோமீட்டரில் சேமித்தது ஏழெட்டு நிமிடம். உடம்பில் சேர்ந்திருக்கும் சர்க்கரைச் சத்து ஏறக்குறைய 2,000 கலோரி. 70 கிலோ ஆளுக்கு முழுத் தூரம் கேட்பது 2,900க்கு மேல். வேகம் கூடினால் கொழுப்பு எரிவது குறைந்து சர்க்கரைதான் முதலில் தீரும். முப்பது கிலோமீட்டருக்குமேல் கால் கல்லாகிறது. கடைசிப் பத்து கிலோமீட்டரைக் கிலோமீட்டருக்குப் பதினோரு நிமிடம் என்று நடந்தால் இழப்பு 39 நிமிடம். ஏழெட்டைச் சேமித்து 39ஐத் தொலைக்கும் வியாபாரம் இது. சரியாக ஓடினாலும் பாதி தூரத்திலேயே சூரியன் வந்துவிடும். மிச்சப் பாதி வெயிலில்தான்.

தண்ணீரிலும் அளவு வேண்டும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. அளவுக்குமேல் குடித்து, கிளம்பியபோது இருந்ததைவிட எடை கூடி வந்தவர்களே அதில் அதிகம். தாகத்துக்குக் குடித்தால் போதும். இதயப் பரிசோதனையை முதல் மாதமே முடித்துவிடுவது நல்லது. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய 1.09 கோடி பேரில் 59 பேருக்குத் திடீரென இதயம் நின்றது. எண்ணிக்கை சிறிது. சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ உள்ளவர் அதைப் படித்துவிட்டு நிம்மதியாகிவிடக் கூடாது.

என் கட்சி இது: வருகிற ஜனவரிக்கு 21 கிலோமீட்டர், அதற்கடுத்த ஜனவரிக்கு 42. முதல் ஆறு மாதம் கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டாம். பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும். வாரம் இரண்டு நாள் கெண்டைக்கால், தொடை, இடுப்புக்கு எடைப் பயிற்சி. நடுவே நடப்பதில் வெட்கம் வேண்டாம். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவேதான் ஓட்ட-நடை முறையைப் பரப்பியவர். நான்கு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பதை மூச்சு முட்டும்வரை காத்திராமல் முதல் கிலோமீட்டரிலிருந்தே செய்ய வேண்டும். இரண்டாவது வருட நவம்பரிலும் மழை பெய்யும். ஒரு வருட ஓட்டம் காலில் இருப்பதால் மூன்று ஞாயிறு போனாலும் பரவாயில்லை. டிசம்பர் நடுவில் கடைசி 32ஐ முடித்துவிட்டு, மிச்ச மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வரலாம்.