சேர்க்கையோடு முடியும் படிப்பு

ஆன்லைன் பட்டத்தை லாபத்துக்கு நடத்தும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு முறை வழக்கில் மாட்டும்போதும் ஒரு வாதம் கிளம்பும். இரவு ஷிப்டு பார்ப்பவர்களையும் கைக்குழந்தையோடு இருப்பவர்களையும் மற்ற கல்லூரிகள் ஏறிட்டும் பார்க்காதபோது கதவைத் திறந்துவிட்டவை இவைதானே, மோசமானவற்றைச் சந்தையே கழித்துக்கட்டிவிடாதா என்பார்கள்.

முதல் பாதி உண்மைதான். பீனிக்ஸ் பல்கலைக்கழகம் 1989-லேயே ஆன்லைன் வகுப்பு தொடங்கியது. 2010 வாக்கில் நான்கரை லட்சம் பேருக்கு மேல் அங்கே படித்தார்கள். படித்து முன்னேறியவர்களும் உண்டு. கணினித் திரைமீதும் குற்றமில்லை. லாப நோக்கமற்ற வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகமும் அதன் வழியாகத்தான் கற்பிக்கிறது.

இரண்டாவது பாதிதான் நிற்காது. இங்கே சந்தை என்று ஒன்று இருந்ததே இல்லை. இந்த நிறுவனங்கள் தங்கள் வருமானத்தில் 90 சதவீதம் வரை மத்திய அரசின் மாணவர் உதவியிலிருந்தே பெறலாம் என்கிறது சட்டம். முன்னாள் ராணுவத்தினரின் கல்வி உதவித்தொகையும் அரசுப் பணம்தான். ஆனால் 2023 வரை அது மீதி 10 சதவீதக் கணக்கில் சேர்ந்தது. பணம் அரசிடமிருந்து கல்லூரிக்குப் போகிறது, கடன் மாணவர் பெயரில் நிற்கிறது. பாதியில் நின்றாலும் கடன் விடாது. திவாலானாலும் எளிதில் தீராது. எனவே நிறுவனத்துக்கு லாபம் தருவது சேர்க்கைதான். அதன்பின் மாணவர் தேறினாரா, வேலை கிடைத்ததா என்பது அதன் கணக்கில் வருவதில்லை.

செனட்டர் டாம் ஹார்கின் தலைமையிலான குழு 30 நிறுவனங்களை ஆராய்ந்து 2012-ல் தந்த அறிக்கையில் இது அப்பட்டமாகத் தெரிகிறது. வருமானத்தில் 22 சதவீதத்துக்கு மேல் விளம்பரத்துக்கும் ஆள்சேர்ப்புக்கும் போயிருக்கிறது; 19.4 சதவீதம் லாபம், கற்பித்தலுக்கு 17 சதவீதத்துக்குச் சற்று மேல். மாணவர்களைச் சேர்க்க 35,202 ஊழியர்கள் இருந்தார்கள். வேலை தேட உதவ 3,512 பேர். அவற்றில் ஒன்றான ஐ.டி.டி. நிறுவனம் ஆள்சேர்ப்பவர்களுக்குத் தந்த பயிற்சித் தாள் ஒன்றும் அந்த அறிக்கையில் உண்டு. விசாரிக்கிறவரின் குறை என்ன, எத்தனை நாளாக இருக்கிறது, அது அவரை எப்படி வருத்துகிறது, தீர்க்கும் முயற்சியையே கைவிட்டுவிட்டாரா என்று அடுக்கடுக்காகக் கேட்டு, மனம் நொந்த இடத்தைத் தொட வேண்டும் என்கிறது அது. கதவைத் திறந்தார்கள் என்று சொல்பவர்கள் அந்தத் தாளை ஒருமுறை படிக்க வேண்டும்.

ஆஷ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தையே பாருங்கள். அயோவா மாநிலத்தின் கிளின்டன் ஊரில் சில நூறு பேர் படித்த கத்தோலிக்கக் கல்லூரியை பிரிட்ஜ்பாயின்ட் நிறுவனம் 2005-ல் வாங்கி ஆஷ்ஃபோர்டு ஆக்கியது. கல்லூரியோடு அதன் அங்கீகாரமும் கைக்கு வந்தது. அரசுக் கடனுக்கு அதுதான் திறவுகோல். ஐந்தே ஆண்டில் மாணவர் எண்ணிக்கை 75,000-ஐத் தாண்டியது. 2008-09-ல் அந்த நிறுவனத்தில் இளநிலைப் பட்டத்துக்குச் சேர்ந்தவர்களில் 63 சதவீதம் பேரும், இரண்டாண்டுப் படிப்பில் சேர்ந்தவர்களில் 84 சதவீதம் பேரும் 2010 நடுவுக்குள் விலகிவிட்டார்கள். படிப்புச் செலவு, கடன், கிரெடிட் மாற்றம் பற்றியும், இந்தப் பட்டத்தை வைத்து ஆசிரியராகலாம், நர்ஸ் ஆகலாம் என்றும் ஆள்சேர்ப்பவர்கள் போனில் பொய் சொன்னதாக 2022 மார்ச்சில் கலிஃபோர்னியா நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2.2 கோடி டாலருக்கு மேல் அபராதம் விதித்தது. இதை ஒருசில ஊழியர்களின் அத்துமீறல் என்று தள்ளிவிட முடியாது. தலைக்கணக்கு டார்கெட்டோடு போன் முன்னால் உட்கார்த்தப்பட்டவர் வேறு எதைச் சொல்லியிருப்பார்?

2025 ஜனவரியில், ஆஷ்ஃபோர்டில் படித்த 2,61,000 பேரின் 450 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்வதாக அமெரிக்கக் கல்வித்துறை அறிவித்தது. அந்தச் சுமை வரி கட்டுபவர்கள் தலையில் விழுகிறது. பிரிட்ஜ்பாயின்ட் பின்னாளில் ஸோவியோ என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2022-ல் தன் தொழிலை அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் பிரிவுக்கு ஒரு டாலருக்குக் கைமாற்றிவிட்டுக் கலைந்துபோனது. ராணுவத்தில் சேவை செய்து 36 மாதக் கல்வி உதவி பெற்று, அதை அங்கே செலவழித்துவிட்டவர்களுக்கு இந்தத் தள்ளுபடியில் ஒரு மாதம்கூடத் திரும்பி வராது. தள்ளுபடி கடனுக்கு மட்டும்தான்.