சிதம்பர ரகசியமும் சி.பி.யூ. விசிறியும்

போன மே மாதம் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறி சிதம்பரம் போனேன், ஒரு கம்ப்யூட்டரைப் பார்க்க. நடராஜரையும் பார்த்தேன், கவலைப்படாதீர்கள்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற இசை ஆசிரியர், வயது 78. குரல் இருக்கும்போதே தேவாரப் பண்களை ஒவ்வொன்றாகப் பாடிப் பதிவு செய்துகொண்டிருக்கிறார். அவசரம் நியாயமானதே. கோயில் அறையில் தேவார ஏடுகளைக் கரையான் தின்று, ராஜராஜன் வந்து திறந்தபோது மிஞ்சியதுதான் நம்மிடம் இருக்கிறது என்று மரபு சொல்லும் ஊர் அது. ஆனால், இவர் பதிவில் வேறு ஒரு கரையான். எல்லாப் பாட்டுக்கும் அடியில் 'ம்ம்ம்...' என்று ஒரு ரீங்காரம்.

"தம்பி, நான் ஒன்றரைக் கட்டையில பாடறேன். இது ரெண்டுங்கெட்டான் சுருதியில கூடவே பாடுது" என்றார்.

கூடப் பாடியது சி.பி.யூ. விசிறி. சாஃப்ட்வேர் வைத்து இரைச்சலை நீக்கலாமே என்பீர்கள். நீக்கிப் பார்த்தார்கள். இரைச்சலோடு சேர்ந்து, கமகத்தின் கடைசியில் குரல் தேய்ந்து மறையும் இடமும் போய்விட்டது. பண்ணின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

பேரன் பொறியியல் மாணவன். விசிறியே இல்லாத கம்ப்யூட்டர் ஒன்றைத் தானே கட்டிவிட்டான். "உள்ளே பாருங்க சார்!" என்று பெருமையாக மூடியைத் திறந்தான். சிதம்பர ரகசியம்தான். திரையை விலக்கினால் வெட்டவெளி. விசிறி இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் அலுமினியத் தகடுகள் மட்டும். அப்பரைக் கடலில் போடும்போது கட்டிய கல் ஞாபகம் வந்தது. இந்த மாதிரி விசிறியில்லாப் பெட்டிகள் செய்யும் பிரிட்டிஷ் கம்பெனி ஒன்றுக்கு 'அகாசா' என்றே பெயர். ஆகாயத் தலத்துக்கு இதைவிடப் பொருத்தம் கிடைக்காது.

இந்த ஆசை பழையது. 1980-ல் வந்த ஆப்பிள் III-ல் சத்தம் கூடாது என்று விசிறியை விட்டுவிட்டார்கள். சூட்டில் சிப்புகள் சாக்கெட்டிலிருந்து நெகிழ்ந்தன. மெஷினைச் சில அங்குலம் தூக்கி 'தொப்'பென்று போடுங்கள், சரியாகிவிடும் என்று வாடிக்கையாளர்களுக்கு யோசனை சொன்னார்களாம். 2000-ல் அதே கம்பெனி 'க்யூப்' என்று கண்ணாடி போன்ற அக்ரிலிக் உறைக்குள் அழகான ஒரு கனசதுரம் கொண்டுவந்தது. அதிலும் விசிறி இல்லை. விலை அதிகம், வாங்க ஆளில்லை. அடுத்த வருஷமே நிறுத்திவிட்டார்கள். 2020-ல் எம்1 சிப் போட்ட மேக்புக் ஏர் விசிறி இல்லாமல் வந்து ஜெயித்தது. இருபது வருஷத்தில் என்ன மாறியது? தகடு பெரிதாகவில்லை. சிப் குறைவாகச் சுடுகிறது, அவ்வளவுதான்.

இங்கேதான் பேரனோடு எனக்குச் சண்டை. கணக்கு எளிது. தகடு வாட்டுக்கு ஒரு டிகிரி சூடேறும் என்று வையுங்கள். 60 வாட் சிப் முழு வேகத்தில் ஓடினால் அறையின் வெப்பத்தைவிட 60 டிகிரி மேலே போகும். 25 டிகிரி அறையில் 85, தாங்கும். அக்னி நட்சத்திரத்தில் சிதம்பரத்தில் 40 டிகிரி, கூட்டினால் 100. சிப் பயந்துபோய்த் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குளிர்தேசத்துக்காரன் எழுதிய விமர்சனத்தை நம்பிக் கடலூர் மாவட்டத்தில் கம்ப்யூட்டர் கட்டக்கூடாது. அதே தகட்டில் 15 வாட் சிப் போட்டால், மே மாதத்திலும் 55 டிகிரிதான். ஒரு கிழவர் பாடுவதைப் பதிவு செய்ய 15 வாட்டே ஜாஸ்தி. பேரன் போட்டிருந்தது வீடியோ கேம் ஆடுகிற சிப்!

"ஃப்யூச்சர்ல தேவைப்படும் சார்" என்றான். தாத்தாவுக்கு 78 வயது என்பதை நினைவுபடுத்த மனசு வரவில்லை.

அவன் பக்கமும் நியாயம் உண்டு. விசிறி இருந்தால் தூசியையும் கடல் காற்றின் உப்பையும் உள்ளே இழுக்கும். இவன் பெட்டி ஒரு வருஷத்துக்குப் பிறகும் உள்ளே பளபளவென்று இருந்தது. ஆனால், விசிறி அடங்கினால் அதுவரை மறைந்திருந்த சத்தங்கள் தலைகாட்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கின் 'டிக் டிக்', பவர் சப்ளையின் சன்னமான கீச்சுக்குரல். மௌனம் ஒரேயடியாகக் கிடைப்பதில்லை.

என் தீர்ப்பு இதுதான். சூட்டை வெளியேற்றுவதைவிட, உண்டாக்காமல் இருப்பது உத்தமம். முடியவில்லையா, ஒரு பெரிய விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். வேகத்தைப் பாதியாக்கினால் இரைச்சல் சுமார் 15 டெசிபல் குறையும். காது அதை மன்னித்துவிடும். அதுவும் வேண்டாமென்றால், செலவே அதிகமில்லாத வழி ஒன்று: பெட்டியைப் பக்கத்து அறையில் வைத்து, கொஞ்சம் நீளமான மைக் வயர் வாங்குங்கள்.

இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் தலைக்கு மேலே சீலிங் ஃபேன் 'கடகட'வென்று சுற்றிக்கொண்டிருந்தது. பேரனின் மௌனக் கம்ப்யூட்டர் இதுநாள்வரை பிழைத்திருப்பதே அந்தக் காற்றில்தான். பெரியவர் பாடும்போது மட்டும் அதை நிறுத்துவார்கள். மே மாதத்தில், கதவையும் சாத்திக்கொண்டு.

கடைசியில் சிப்பை மாற்றச் சம்மதித்தான். கிளம்புமுன் அன்று காலைப் பதிவைப் போட்டுக் காட்டினான். சுத்தமாக இருந்தது. பண் முடிந்ததும் பெரியவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

"அதை மட்டும் கட் பண்ணிடட்டுமா சார்?"

"வேண்டாம்ப்பா, இருக்கட்டும்" என்றேன்.