கணுவில் தெரியும் தோட்டம்

தஞ்சாவூர்ப் பக்கத்து நர்சரிகளை ரசித்துப் பார்க்க வேண்டுமானால் தை கடைசிக்கும் மாசி நடுவுக்கும் இடையில் போக வேண்டும். கார்த்திகையில் போனால் மழை குடித்த எந்தச் செடியும் பச்சைப்பசேலென்றுதான் நிற்கும். சித்திரையில் போனால் எல்லாம் நிழல்வலைக்கடியில் ஒடுங்கிக் கிடக்கும். நடுவில் வரும் இந்தச் சில வாரங்களில்தான் செடி தன் வேலையை ஒளிக்காமல் செய்கிறது. விடியலில் இலையெல்லாம் பனி. பத்து மணிக்குள் வெயில் ஏறிவிடுகிறது. அந்த இளஞ்சூட்டில் தண்டின் கணுக்கள் ஒவ்வொன்றாகத் தடிக்கின்றன. பூவையும் இலையையும் விட்டுவிட்டு, கணுவை மட்டும் பார்த்தபடி ஒரு சுற்று வாருங்கள். தோட்ட வேலையின் சூட்சுமம் பாதிக்குமேல் அங்கேயே பிடிபட்டுவிடும்.

மல்லிகைப் பாத்தியில் தொடங்கலாம். குண்டுமல்லி, ஜாதிமல்லி, முல்லை மூன்றும் ஒரே குடும்பம். ஆனால் மூன்றுக்கும் கவாத்து ஒரே நாளில் கிடையாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கணக்குப்படி குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்துக்கு வெட்ட வேண்டும். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். இரண்டுக்கும் உயரம் 45 செ.மீ. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு மாதம். அதனால் பிப்ரவரி முதல் வாரத்தில் மூன்று பாத்திகளையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவர் முன்னால் ஒரே வெட்டு மூன்று வயதில் நிற்கிறது. முல்லை வெறும் குச்சியாக இருக்கும்; வெட்டுவாய்கூட இன்னும் காயவில்லை. ஜாதிமல்லியில் கணுவுக்குக் கணு தளிர் எட்டிப் பார்க்கும். குண்டுமல்லி புதுக் கிளை ஓட்டி, இலை விரித்து, மொட்டுக்கு ஆயத்தமாக நிற்கும்.

வெட்டுவதில் என்ன நயம் என்று கேட்கலாம். மல்லிகையின் இலைகள் பெரும்பாலும் ஒரு கணுவில் இரண்டாக, எதிரெதிரே பிறக்கின்றன. ஒவ்வொரு இலைக்கக்கத்திலும் ஒரு மொக்கு உறங்குகிறது. கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் இரண்டு மொக்கும் விழித்துக்கொள்ளும். ஒரு கிளை இருந்த இடத்தில் இரண்டு கிளை ஓடும். குண்டுமல்லி பூப்பது புதுக் கிளையின் நுனியில்தான். ஆகவே கிளை இரட்டித்தால் பூவும் இரட்டிக்கிறது. கணுவுக்கு மேலே விரல் நீளம் விட்டு வெட்டினால் அந்த மிச்சம் காய்ந்து, சில சமயம் கணுவையும் சேர்த்துக் கருக்கிவிடும். கூர்மையான கத்தியால் கணுவை ஒட்டிச் சாய்வாக ஒரே வெட்டு, அவ்வளவுதான். கோடையில் வாசலில் மணக்கப்போகும் மல்லிக்கு அந்த ஒரு வெட்டில்தான் அடித்தளம்.

பக்கத்திலேயே கனகாம்பரம். அதில் டெல்லி கனகாம்பரம் மும்மடிய இனம். அதற்கு விதை பிடிக்காது. நுனிக்குச்சியை வெட்டி வேர்விட வைத்துத்தான் அது ஊர் ஊராகப் பரவியது. மண்ணுக்குள் புதைகிற கணுவில் வேர், மண்ணுக்கு மேல் நிற்கிற கணுவில் தளிர். தஞ்சாவூர்க் கதம்பத்தில் மல்லிக்கும் மருவுக்கும் நடுவே அந்த ஆரஞ்சு நிறத்தைக் காணும்போது, அது விதையே இல்லாமல் கணுவிலிருந்து கணுவுக்கு வந்து சேர்ந்த பூ என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சரத்தின் அழகு கொஞ்சம் கூடும்.

கணுவின் முழு மகிமையைக் காண நர்சரியை விட்டு, பாபநாசம், இராஜகிரி, பண்டாரவாடை, சுவாமிமலைப் பக்கத்துக் கொடிக்கால்களுக்குப் போக வேண்டும். 2025-இல் புவிசார் குறியீடு பெற்ற கும்பகோணம் வெற்றிலை விளைகிற மண் அது. கொடி நடுவதற்கு ஆண்டில் இரண்டு பருவம். ஜனவரி, பிப்ரவரி அவற்றில் ஒன்று. நல்ல கொடிக்காலே அடுத்த கொடிக்காலுக்கு நாற்றங்கால். நோயில்லாத கொடியின் நுனியைக் கணுக்களோடு வெட்டியெடுத்து, முன்கூட்டியே விதைத்து வளர்த்த அகத்தியின் அடியில் நடுகிறார்கள். கொடி ஏற ஏற, ஒரு சாணுக்கு ஒரு கட்டு என்று வாழைநாரால் அகத்தியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே போக வேண்டும். அந்தக் கட்டைக் கவனித்துப் பாருங்கள். கொடி அசையாத அளவுக்கு இறுக்கம், தண்டு பருக்க இடம் கொடுக்கிற அளவுக்குத் தளர்வு. தாய் குழந்தைக்கு அரைஞாண் கட்டுகிற அளவு அது. நூலோ கம்பியோ கட்டினால் கொடி அறுபடும். நார் மழையிலும் வெயிலிலும் இற்று விழுவதற்குள் கணுவின் பற்றுவேர்கள் அகத்தியைப் பிடித்திருக்கும்.

மீண்டும் நர்சரிக்கு வருவோம். மா, சப்போட்டா ஒட்டுக்கன்று வாங்குகிறவர் உயரத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. ஒட்டுக்கட்டிய இடத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டு தண்டும் ஒரே பருமனில் மேடு பள்ளமின்றிக் கூடியிருந்தால் நல்ல கன்று. நடும்போது அந்த இடம் மண்ணுக்கு மேலே நிற்கட்டும். அதற்குக் கீழேயிருந்து கிளம்பும் தளிரை இரக்கப்படாமல் கிள்ளிவிடுங்கள். அது வேர்க்கன்றின் கிளை, நீங்கள் விரும்பி வாங்கிய மாவின் கிளை அல்ல.

தென்னங்கன்றில் பார்க்க வேண்டியது கழுத்து. அடிப்பகுதியின் சுற்றளவு 10 செ.மீ.க்குக் குறையாமல், ஆறு முதல் எட்டு இலையோடு, 9 முதல் 12 மாத வயதில் இருப்பது நல்லது. இளங்கன்றின் இலை முதலில் ஒரே பட்டையாக வரும். அது சீக்கிரம் கீற்றாகப் பிரிந்தால் கன்றுக்கு வீரியம் அதிகம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகளைச் சாய்த்துப்போட்ட பிறகு, இந்த மாவட்டத்தில் தென்னங்கன்றைத் தேர்ந்தெடுப்பது ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே தேர்ந்தெடுக்கிற காரியமாகிவிட்டது. அவசரப்படாமல் பாருங்கள்.

காய்கறிப் பக்கம் குழித்தட்டுகள் வரிசையாக இருக்கும். அதே தென்னையின் நார்க்கழிவு நிரப்பிய சின்னச் சின்னக் குழிகள், குழிக்கு ஒரு நாற்று. கத்தரி, தக்காளி 25 முதல் 30 நாளிலும் மிளகாய் 35 முதல் 40 நாளிலும் நடவுக்கு வரும். கணுக்கள் நெருங்கி, தண்டு குட்டையாகத் திரண்ட நாற்றை எடுங்கள். கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு நெடுநெடுவென நிற்பது வெயில் காணாமல் வளர்ந்தது. தட்டிலேயே பூ விட்ட நாற்றும் வேண்டாம். வெண்டை, புடலை, பீர்க்கன், பாகல், சுரை இவற்றுக்கு நாற்றே தேவையில்லை. இப்போது விதையை நேராகவே ஊன்றலாம்.

பைமண்ணையும் ஒருமுறை விரலால் நெருடிப் பாருங்கள். செம்மண்ணும் மணலும் தொழுஉரமும் கலந்து பொலபொலவென்று இருக்கும். பழைய டெல்டா வீடுகளின் கொல்லையில் இருப்பதோ வண்டல் களி. குழி தோண்டிக் கன்றை அப்படியே இறக்கினால், சுற்றிலும் களி தண்ணீரைத் தேக்கிக்கொண்டு வேரை மூச்சு முட்ட வைக்கும். குழியை அகலமாக எடுத்து, தோண்டிய மண்ணோடு மணலும் தொழுஉரமும் கலந்து நிரப்பி, கன்றைச் சற்று மேடாக நடுங்கள்.

தண்ணீரின் கணக்கும் இந்த மாதத்தோடு சேர்ந்ததுதான். மேட்டூர் அணையை மூடும் நாள் ஜனவரி 28, திறக்கும் நாள் ஜூன் 12 என்பது பாசன வழக்கம். அந்த நான்கரை மாதமும் ஆற்றில் வரத்து இருக்காது. கொல்லைச் செடி கிணற்றையும் போரையும் நம்பியே நிற்க வேண்டும். ஆனால் அதே வாரங்களில்தான் சம்பா அறுவடையாகிக் களத்தில் வைக்கோல் குவிகிறது. செடியைச் சுற்றி நாலு விரல் கனத்துக்கு வைக்கோல் மூடாக்குப் போட்டால் ஈரம் நிற்கும், களி வெடிக்காது. தண்டை மட்டும் ஒட்டாமல் ஒரு கை தள்ளிப் போடுங்கள். வெயில் ஏறுமுன் பூவாளியில் ஊற்றுங்கள்.

மாசி பாதி கடந்துவிட்டால் புதுக்கன்று நடுவதற்கு வெயில் இடம் கொடுக்காது. எனவே இந்த வாரமே போய் வாருங்கள். முல்லையை இன்னும் கவாத்து செய்யாதவர்கள் இன்றே கத்தியை எடுங்கள். எந்தச் செடி வாங்கினாலும் பூவைப் பார்த்து விலை கேட்காதீர்கள். கணுவைப் பார்த்துக் கேளுங்கள்.