மர்ஜியானாவின் கதை: அலிபாபாக் கதையும் அதன் திரைவடிவங்களும்

சிறுவர்க்குரியவை என இன்று கருதப்படும் கதைகளுட் பல, தோற்றத்திற் சிறுவர்க்கென எழுந்தவையல்ல. முதியோர் கூடிய அவைகளிற் பிறந்து, நாடு பல கடந்து, காலப்போக்கிற் பாலர் வாசகங்களுட் புகுந்தவையே அவற்றுட் பெரும்பாலன. ‘அலிபாபாவும் நாற்பது திருடர்களும்’ என்னும் கதையும் அத்தகையதே. தமிழ் வழங்கும் நிலமெங்கும் அதனைத் திரைப்படத்தின் வாயிலாக அறிந்தோர் தொகை, நூல்வாயிலாக அறிந்தோர் தொகையினும் பெரிதெனல் மிகையாகாது. வெலிமடையிலும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் மக்களுக்கும் இது பொருந்தும். ஆதலின், மூலக்கதை யாது கூறிற்று, திரை அதனை எவ்வாறு மாற்றிற்று, அம்மாற்றத்தால் இழக்கப்பட்டது யாது என்பன ஆராய்தற்குரியன.

ஆயிரத்தோரிரவுக் கதைகளுள் ஒன்றாக இது எண்ணப்படினும், அத்தொகுதியின் பழைய அரபுச் சுவடிகளில் இக்கதை காணப்படவில்லை. பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கல்லான் 1704ஆம் ஆண்டு முதல் அக்கதைகளை மொழிபெயர்த்து வெளியிட்டு வந்தார். அலெப்போ நகரைச் சார்ந்த ஹன்னா தியாப் என்னும் சிரிய இளைஞர் 1709இற் பாரிசு நகரில் அவருக்கு வாய்மொழியாகக் கூறிய கதைகளுள் இதுவும் ஒன்று. கல்லான் இறந்தபின், 1717இல் இக்கதை அச்சேறியது. கூறியவர் பெயர் நூலில் இடம்பெறவில்லை. உலகமெல்லாம் அறிந்த கதையொன்றைத் தந்தவர் நெடுங்காலம் மறைந்தே இருந்தனர். இச்செய்தி கதையின் உட்பொருளோடு ஒத்துச் செல்வதை மேலே காணலாம்.

கதையின் தலைப்பு அலிபாபாவையும் கள்வரையும் சுட்டுகின்றது. ஆனால் கதையை முற்றக் கற்பார்க்கு அதன் செயல்களை நடத்துபவள் மர்ஜியானா என்னும் அடிமைப்பெண்ணே என்பது புலனாகும். அலிபாபா செய்த செயல் ஒன்றேயாம். மரத்தின்மேல் மறைந்திருந்து, பிறர் கூறிய சொல்லைக் கேட்டு, அதனைத் தான் கூறினான். அதன்பின் நேர்ந்த இடர்களையெல்லாம் அறிவால் வென்றவள் மர்ஜியானா. காசிம் குகையிற் கொலையுண்டபோது, அவன் நோயுற்று இறந்ததாக ஊரை நம்பச் செய்தாள். துண்டிக்கப்பட்ட உடலைத் தைத்தற்குச் செருப்புத் தைப்பவனைக் கண்கட்டி அழைத்து வந்தாள். கள்வன் வாயிற்கதவில் அடையாளமிட்டபோது, அண்டை வீட்டுக் கதவுகளிலும் அதே அடையாளத்தை இட்டாள். எண்ணெய் வணிகனாகக் கள்வர் தலைவன் வந்தபோது, முப்பத்தேழு சாடிகளில் முப்பத்தேழு கள்வர் ஒளிந்திருப்பதை உணர்ந்து, எஞ்சிய ஒரு சாடியின் எண்ணெயைக் கொதிக்கவைத்து அவர்களை அழித்தாள்.

இவற்றினும் நுட்பமானது உப்பு நிகழ்ச்சியாம். வேறு வேடத்தில் மீண்டும் விருந்தினனாக வந்த தலைவன், உப்பில்லாத உணவே வேண்டுமென்கிறான். ஒருவன் இல்லத்து உப்பை உண்டபின் அவனைக் கொல்லுதல் பழியென்பது அவன் கருத்து. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்னும் பழமொழியுடைய தமிழர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. அலிபாபா இதனைப் பொருட்படுத்தவில்லை. அடுக்களையில் நின்றவளோ அதனைக் கொண்டே பகைவனை இனங்கண்டாள். சமைப்பவர்க்கன்றி வேறெவர்க்கும் புலப்படாத அறிவு இது. ஏவல் செய்வோரின் கண்ணுக்கே சில உண்மைகள் தெரியும் என்பதைக் கதை இவ்விடத்தில் ஐயமின்றி நாட்டுகின்றது.

இனித் திரைவடிவங்களை நோக்கலாம். 1944இல் அமெரிக்காவில் வந்த படம் அலிபாபாவைப் பாக்தாத் அரசின் உரிமையாளனாக உயர்த்திற்று. நாயகியோ உயர்குடிப் பெண்ணாயினாள். விறகுவெட்டியும் அடிமையும் ஒருங்கே மறைந்தனர். வங்கத்தில் நிகழ்ந்தது வேறு. கூஷிரோத் பிரசாத் வித்தியாவினோதர் 1897இல் இக்கதையை நாடகமாக்கினார். அதனைத் தழுவி மது போசு இயக்கிய 1937ஆம் ஆண்டுப் படத்தில், சாதனா போசு ஏற்ற மர்ஜியானா வேடமே அவையோரைப் பெரிதும் கவர்ந்தது. கதையின் நடுவிடம் யாருக்குரியது என்பதை வங்கர் மறந்திலர்.

தமிழில் 1941ஆம் ஆண்டு என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் நடித்த படம் வெளிவந்தது. அதன்பின் 1956ஆம் ஆண்டு, மாடர்ன் தியேட்டர்சு டி. ஆர். சுந்தரம் இயக்க, எம். ஜி. இராமச்சந்திரனும் பி. பானுமதியும் நடித்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வெளிவந்தது. முழுநீள வண்ணத்தில் வந்த முதல் தமிழ்ப்படம் என்னும் சிறப்பு அதற்குண்டு. கதாநாயகர் 1917இற் கண்டியிற் பிறந்தவராதலின், மலையக மக்கள் அவர்பாற் கொண்ட பற்றுக்கு உறவுரிமையின் சாயலும் உண்டு. பானுமதியின் மர்ஜியானா துணிவும் சொல்வன்மையும் உடையவள். கள்வர் தலைவன்முன் அவள் ஆடும் காட்சியும் படத்தில் உண்டு. எனினும் அவள் இங்கே அலிபாபாவின் காதலியாகிவிட்டாள். பகைவனைப் பொருது வெல்லும் பெருமையும் அவன் வாளுக்கே சென்றது. மூலத்தில் அறிவு பெற்ற வெற்றியைப் படத்தில் தோள் பெற்றது.

மற்றொரு மாற்றம் மந்திரச் சொல்லிற் காணப்படும். மூலத்தில் அச்சொல் எள்ளைக் குறிப்பது. செல்வவெறியால் அறிவு மயங்கிய காசிம், எள்ளை மறந்து வாற்கோதுமை முதலிய தானியங்களின் பெயர்களைக் கூறித் தோற்கின்றான். ‘சீசேம்’ என்பது தமிழிற் பொருள் விளங்கா ஒலியாகவே நிலைத்தமையால், இந்நகை மறைந்தது. எளிய உழவனும் அறிந்த தானியத்தைச் செல்வன் மறந்தான் என்பதன்றோ அதன் சுவை? பொருள் விளங்காமையே மந்திரத்திற்கு மருட்சி தருமெனச் சிலர் கூறுவர். அது பொருந்துமாயினும், காசிமின் வீழ்ச்சி அவன் குற்றத்தின் விளைவாகாது வெறும் மறதியாகிவிடுகின்றது.

எனினும் இழப்பனைத்தையும் திரையின்மேற் சுமத்துதல் முறையன்று. கல்லான் நூலின் முடிவிலும் ஒரு குறையுண்டு. மர்ஜியானாவுக்கு விடுதலை அளிக்கப்படுகின்றது. பின்னர் அலிபாபா தன் மகனுக்கே அவளை மணமுடித்து வைக்கின்றான். ஆனால் குகையைத் திறக்கும் மறையை அவன் மகனுக்கே கற்பிக்கின்றான். அது வழித்தோன்றல்களுக்குச் செல்கின்றது. அம்மறையால் வந்த இடரையெல்லாம் தடுத்தவளுக்கு அச்சொல் வழங்கப்பட்டதாக நூல் கூறவில்லை. இல்லத்தைக் காத்தவள் இல்லத்தின் செல்வத்துக்கு உரியவளா என்னும் வினாவைக் கதை எழுப்பி, விடையின்றி விடுகின்றது. திரையோ அவளைக் காதலியாக்கியதால் அவ்வினாவே எழாமற் செய்தது.

இவ்வினா மலையகத்தார்க்குத் தொலைவிலுள்ளதன்று. தொழிலாளியின் கடனைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டின்றி ஒரு தோட்டத்தைவிட்டு மறுதோட்டத்திற்குச் செல்லவியலாத நிலை 1921இலேயே சட்டத்தால் நீக்கப்பட்டது. தோட்டப்புறச் சிறுமியர் பலர் நகரத்து இல்லங்களில் ஏவல்செய்யச் சென்றதும் அண்மைக்கால வரலாறே. பிறர் வீட்டு அடுக்களையில் நின்ற சிறுமி இக்கதையைக் கேட்பாளாயின், அவள் உள்ளம் குகைப்பொன்னை நாடுமா, உப்பைக் கண்டு உண்மையறிந்தவளை நாடுமா? அவளுக்கு வாள்வீரனைமட்டும் காட்டும் கலை, அவள் தன்னைத் தானே காணத்தக்க கண்ணாடியை மறைத்துவிடுகின்றது.

திரைப்படம் மூலத்தை அடிபிறழாது பின்பற்ற வேண்டுமென்பது விதியன்று. வண்ணமும் இசையும் நகையும் கலந்த 1956ஆம் ஆண்டுப் படம் தான் கருதிய இன்பத்தைக் குறைவின்றித் தந்தது. ஆயினும் படங்கண்ட மாணவர்க்கு மூலக்கதையையும் கற்பித்தல் ஆசிரியர் கடனாகும். இரண்டினையும் ஒப்புநோக்கும் மாணவன், குகையின் வாயிலைத் திறந்தது ஒரு சொல்லென்பதையும், வீட்டின் வாயிலைக் காத்தது ஓர் ஏவற்பெண்ணின் அறிவென்பதையும் தானே உணர்வான். அவ்வுணர்வு பெற்றவன் கதையின் தலைப்பை மீண்டும் படிக்கும்போது, அதில் விடுபட்ட பெயர் எதுவெனக் கூறவல்லவனாவான்.