‘சிவிலைசேஷன்’ ஆட்டத்தில் நிலமும் நகராக்கமும்

கணினி வழி ஆடப்பெறும் வியூக விளையாட்டுகளுள் ‘சிவிலைசேஷன்’ வரிசை பெரும்புகழ் வாய்ந்தது. சிட் மெய்யரும் புரூஸ் ஷெல்லியும் படைத்த முதல் ஆட்டம் 1991-இல் வெளிவந்தது; ஆறாவது 2016-இல் வெளிவந்தது. ஆடுவோன் தொல்காலத்தே ஒரு நகரை நிறுவி, அதனைப் பேரரசாக வளர்த்தல் வேண்டும். தொடக்க நிலம் அந்நகரின் ஆக்கத்தை எத்துணை ஆளுகின்றது என்பதை ஆறாம் ஆட்டத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலப்படம் அறுகோணக் கட்டங்களால் ஆயது. சமதரையான புல்வெளிக் கட்டம் 2 உணவு தரும். சமவெளிக் கட்டம் 1 உணவும் 1 ஆக்கமும் தரும். குன்றாயின் ஆக்கம் ஒன்று மிகும். நகர் அமையும் கட்டம் 2 உணவிற்கும் 1 ஆக்கத்திற்கும் குறைவதில்லை. சமவெளிக் குன்றின்மேல் நகர் அமைப்பின் ஆக்கம் 2 ஆகும். வேறுபாடு ஒன்றே எனினும், அது சிறிதன்று. தலைநகரின் அரண்மனை 2 ஆக்கம் தருவதால், குடிகள் புல்வெளியில் மட்டும் உழைக்குங்கால், புல்வெளி நகருக்கு 3 ஆக்கமும் குன்றின்மேல் அமைந்த நகருக்கு 4 ஆக்கமும் கிட்டும். இயல்பு வேகத்தில் ஒரு போர்வீரர் படைக்கு 40 ஆக்கம் வேண்டும். பிற உதவி இன்றேல், முன்னது 14 சுற்றுகளிலும் பின்னது 10 சுற்றுகளிலும் அதனை முடிக்கும். காவற்படை முந்தினால் குடியேறுவோர் முந்துவர். அவர் முந்தினால் இரண்டாம் நகர் முந்தும். பிற்காலத்தே 60 ஆக்கம் உடைய நகருக்கு அவ்வொன்று ஒரு பொருட்டன்று. எனவே நிலத்தின் ஆட்சி, அளவால் அன்றி விகிதத்தால் அமைந்த இளமைக்கால ஆட்சி என்க.

குன்றே யாண்டும் சிறந்தது எனத் துணிதலும் பொருந்தாது. ஒவ்வொரு குடியும் 2 உணவு உண்ணும். நன்னீர் அருகிருப்பின் நகரின் உறைவிட அளவு 5, கடற்கரையில் 3, நீரற்ற இடத்தில் 2. நீரற்ற குன்றில் முற்பட விரையும் நகர், குடிபெருகாமையால் பின்னர்த் தளரும். காட்டை அழிப்பின் பேராக்கம் ஒருமுறை உடனே கிட்டும். நாள்தோறும் அது தந்த ஆக்கமோ மறையும். மேலும், பிறர் வெறுக்கும் தூந்திர நிலம் உருசியருக்கு மிகுதியான ஆக்கமும் சமயப்பயனும் நல்கும். நிலத்தின் நன்மை நிலத்தில் மட்டும் இல்லை. அதனைக் கொள்வாரிடத்தும் உள்ளது.

முதல், கரு, உரி என்னும் மூன்றும் ஒன்றினொன்று முறையே சிறந்தன என்பது தொல்காப்பியர் கொள்கை. நிலம் முதலாவது, தலையாயது அன்று. இவ்வாட்டத்திற்கும் அவ்வளவை பொருந்துகின்றது. ஆயினும் ஆடுவோர் பலர், வறிய நிலம் வாய்ப்பின் அவ்வாட்டத்தைக் கைவிட்டு வேறொன்று தொடங்குகின்றனர். அவர் முதலைத் தலையெனக் கொண்டவர் ஆவர். வளநிலத்தில் பெற்ற வெற்றியில் நிலத்தின் பங்கு எவ்வளவு, ஆடுவோன் திறம் எவ்வளவு எனப் பிரித்தறிதல் அரிது. வறுநிலத்திலோ ஒவ்வொரு கட்டத் தேர்வும் அறிவைச் சோதிக்கின்றது. இவ்விளையாட்டின் உயிர் அத்தேர்வில் இருத்தலால், வறுநிலத்தைத் துறப்போர் ஆட்டத்தின் சிறந்த பகுதியைத் துறப்போரே ஆவர்.