மீட்புப் பெறுதலும் தமிழ் இலக்கணமும்: விவிலியத் தமிழாக்கத்தில் சில தொடர்கள் குறித்த திறனாய்வு

1. முன்னுரை

மீட்பு எவ்வாறு பெறப்படுகிறது என்னும் வினா கிறிஸ்தவ சமயத்தில் நெடுங்காலமாக வாதத்திற்குரியதாக இருந்து வருகிறது. கத்தோலிக்க, லூத்தரன் மரபுகள் நீராட்டை அருளின் வாயிலாகக் கொண்டு குழந்தைகளுக்கும் அதனை வழங்குகின்றன. பாப்திஸ்து மரபினர், நம்பிக்கையே மீட்பைப் பெறும் வழி என்றும், நம்பிக்கை கொண்டவர் பின்னர்ப் பெறும் முழுக்கு அதன் அடையாளம் என்றும் கூறுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் அலெக்சாந்தர் காம்பெல் வழிவந்த சபைகள் நம்பிக்கையாளரின் முழுக்கையே வலியுறுத்தினாலும், அம்முழுக்கினைப் பாவமன்னிப்போடு பிணைத்தன. பாவி மனம் வருந்திச் செய்யும் மன்றாட்டொன்றே போதும் என்பது எழுப்புதல் இயக்கங்களில் பரவிய கருத்தாகும்.

இக்கொள்கைகளுள் எது சரி என்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. எல்லாத் தரப்பினரும் ‘மறைநூலே இவ்வாறு கூறுகிறது’ என்று சான்று காட்டுகின்றனர். தமிழில் வாதிடுவோர் காட்டும் சான்று பெரும்பாலும் கிரேக்கத் தொடரன்று, தமிழ்த் தொடராகும். எனவே வேற்றுமை உருபு, எச்சம், துணைவினை ஆகியவை பற்றிய மொழிபெயர்ப்பாளரின் தெரிவுகள் கொள்கை வாதத்தில் எவ்வாறு பங்கு பெறுகின்றன என்பதே இங்கு ஆராயப்படுகிறது. 1871இல் நிறைவுற்ற ஐக்கியத் திருப்புதலின் இன்றைய பதிப்புகள் முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பின் கலைச்சொற்கள் ஒப்பீட்டுக்குப் பயன்படுகின்றன.

2. சொல்லும் சடங்கும்

‘பாப்திசோ’ என்னும் கிரேக்க வினைக்கு ‘அமிழ்த்து’, ‘தோய்’ என்பன அடிப்படைப் பொருள்கள். இதனைப் பொருள்பட மொழிபெயர்ப்பதா, ஒலிபெயர்த்து விடுவதா என்பது இந்திய மொழிபெயர்ப்பு வரலாற்றில் ஒரு பிளவையே உண்டாக்கியது. வங்காளத்தில் வில்லியம் கேரியும் அவர்வழி வந்த யேட்ஸ், பியர்ஸ் முதலியோரும் அமிழ்த்துதலைக் குறிக்கும் சொல்லையே ஆண்டனர். பிரித்தானிய வேதாகமச் சங்கம் இத்தகைய பதிப்புகளுக்கு உதவ மறுத்தது. அமெரிக்க வேதாகமச் சங்கமும் 1836இல், வழக்கிலுள்ள ஆங்கிலத் திருப்புதலின் நெறியோடு ஒத்துச் செல்லும் மொழிபெயர்ப்புகளுக்கே பொருளுதவி உண்டு என முடிவு செய்தது. இதன் விளைவாக அமெரிக்கப் பாப்திஸ்துகளும், 1840இல் ஆங்கிலப் பாப்திஸ்துகளும் தனிச் சங்கங்களை நிறுவினர். ஒரு வினைச்சொல்லின் பொருட்டுச் சங்கங்கள் பிரிந்தமை மொழிபெயர்ப்பாளர் மனங்கொள்ள வேண்டிய செய்தியாகும்.

தமிழ் இப்பூசலிலிருந்து பெருமளவு தப்பியது. அதற்குக் காரணம் ‘ஞானஸ்நானம்’ என்னும் தொகைச்சொல். இஃது ஒலிபெயர்ப்பன்று, அமிழ்த்துதலை வெளிப்படக் கூறுவதுமன்று. ‘ஸ்நானம்’ நீராடலைக் குறிக்க, ‘ஞானம்’ அந்நீராடல் உடலழுக்கு நீக்கும் நீராடலன்று என வரையறுக்கிறது. நீரின் அளவு பற்றி இச்சொல் எதுவும் கூறவில்லை. சபை வழக்கில் ‘முழுக்கு ஞானஸ்நானம்’, ‘தெளிப்பு ஞானஸ்நானம்’ என அடைகொடுத்துக் கூறும் வழக்கு தோன்றியிருப்பதே இதற்குச் சான்றாகும். சொல் தானே ஒரு முறையைச் சுட்டியிருக்குமாயின் அடை வேண்டப்பட்டிராது.

பொது மொழிபெயர்ப்பு ஆளும் ‘திருமுழுக்கு’ நல்ல தமிழ்ச்சொல். இது ‘முழுகு’ என்னும் வினையடியாகப் பிறந்ததாதலின் முதல் நோக்கில் அமிழ்த்துதலுக்குச் சார்பானதாகத் தோன்றும். ஆயினும் கோயில் வழக்கில் திருமுழுக்கு என்பது திருவுருவின்மீது நீரும் பாலும் பிறவும் சொரிந்து ஆட்டுவதைக் குறிக்கும். வேர்ப்பொருள் ஒரு தரப்புக்கும் வழக்குப்பொருள் மறுதரப்புக்கும் துணை நிற்றலின் இச்சொல்லும் நடுநிலை கெடாது நிற்கிறது. ஆகவே தமிழில் சிக்கல் பெயர்ச்சொல்லில் இல்லை. அதனைச் சூழ்ந்துள்ள இலக்கணக் கூறுகளிலேயே உள்ளது.

3. ‘கு’ உருபும் ‘என்று’ என்னும் இடைச்சொல்லும்

அப்போஸ்தலர் நடபடிகள் 2:38இல் வரும் ‘எய்ஸ்’ என்னும் முன்னிடைச்சொல் நோக்கப் பொருளதா, காரணப் பொருளதா என்பது பெரிய வாதம். நோக்கப் பொருளாயின் மன்னிப்புப் பெறும்பொருட்டு முழுக்கு நிகழ்கிறது. காரணப் பொருளாயின் மன்னிப்புப் பெற்றமையால் முழுக்கு நிகழ்கிறது. பாப்திஸ்து இலக்கண அறிஞர் ஏ. டி. ராபர்ட்சன், மத்தேயு 12:41இல் நினிவே மக்கள் யோனாவின் பிரசங்கத்தினால் மனந்திரும்பிய இடத்தை ஒப்புமை காட்டிக் காரணப் பொருளுக்கு இடமுண்டு என்றார். ஜே. ஆர். மான்டி 1951இல் ஆய்விதழொன்றில் இக்கருத்தை விரிவாக நிறுவ முயன்றார். ரால்ஃப் மார்கஸ், மான்டி எடுத்துக்காட்டிய விவிலியம் சாராத கிரேக்கச் சான்றுகள் காரணப் பொருளை நிறுவப் போதா என்று மறுத்தார். மத்தேயு 26:28இல் சிந்தப்படும் இரத்தத்தைக் குறித்து இதே தொடர் வருவதை நோக்கப் பொருள் கொள்வோர் எடுத்துக்காட்டுவர்.

தமிழின் நான்காம் வேற்றுமை இவ்வாதத்திற்கு வியப்பூட்டும் ஓர் ஒப்புமையைத் தருகிறது. ‘கூலிக்கு உழைத்தான்’ என்பதில் ‘கு’ உருபு நோக்கத்தைச் சுட்டுகிறது. ‘மழைக்கு ஒதுங்கினான்’ என்பதில் அது காரணத்தைச் சுட்டுகிறது. மழை பெறுவதற்காக எவரும் ஒதுங்குவதில்லை. நன்னூலார் இவ்வேற்றுமைக்குக் கூறும் பொருள்களுள் ‘பொருட்டு’ ஒன்று. காரணப் பொருள் வழக்கிலிருந்து பெறப்படுகிறது. எனவே ‘கு’ உருபினை மட்டும் நிறுத்தியிருப்பின், கிரேக்கத்தில் உள்ளதாகச் சொல்லப்படும் இருபொருண்மை தமிழிலும் நின்றிருக்கும்.

ஐக்கியத் திருப்புதல் அவ்வாறு செய்யவில்லை. ‘பாவமன்னிப்புக்கென்று’ என ‘என்று’ சேர்த்தது. ‘கு’ உருபின் பின் வரும் ‘என்று’, செய்பவர் மனத்தில் கொண்ட குறிக்கோளைக் காட்டுவது. ‘மழைக்கென்று ஒதுங்கினான்’ என்னும் தொடர் வழக்கில் இசையாமை இதனைப் புலப்படுத்தும். ஆகவே இத்தமிழ்த் தொடரில் காரணப் பொருளுக்கு இடமில்லை. கிரேக்கச் சான்றுகளின் பெரும்பான்மையை நோக்கும்போது இத்தெரிவு தவறெனல் இயலாது. ஆயின் ஒரே கிரேக்கத் தொடரை மத்தேயு 26:28இல் ‘உண்டாகும்படி’ எனவும் இங்கு ‘க்கென்று’ எனவும் வேறுபடுத்தியமை குறையாகும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க விரும்பும் தமிழ் வாசகருக்கு அவ்வாய்ப்பு மறைக்கப்படுகிறது. மத்தேயு 12:41இல் அதே ‘எய்ஸ்’ ‘கேட்டு’ என்னும் வினையெச்சமாகிவிட்டது. காரணப் பொருள் கொள்வோரின் தலையாய ஒப்புமை தமிழில் தடயமின்றி மறைந்துவிடுகிறது.

4. எச்சமும் வியங்கோளும்

அதே வசனத்தில் கிரேக்கம் இரண்டு முற்றுவினைகளை இணைப்பிடைச்சொல்லால் இணைக்கிறது. முதலாவது முன்னிலைப் பன்மை ஏவல். இரண்டாவது படர்க்கை ஒருமை ஏவல். இவ்விட, எண் மாற்றத்தையே அடிப்படையாகக் கொண்டு, மன்னிப்பு மனந்திரும்புதலோடு இயைவது என்றும், முழுக்குப் பற்றிய ஆணை இடைப்பிறவரல் என்றும் சிலர் வாதிடுவர். மன்னிப்பைச் சார்ந்து ‘உங்கள்’ என்னும் பன்மைப் பெயர் வரும் மூலப்பாடமே இவ்வாதத்திற்கு ஆதாரம். ஐக்கியத் திருப்புதலுக்கு முன்னிருந்த மூலப்பாடத்தில் அச்சொல் இல்லை. எனவே ‘உங்கள்’ விடுபட்டமை மொழிபெயர்ப்பாளரின் குற்றமன்று.

ஆயின் முதல் முற்றினை ‘மனந்திரும்பி’ என எச்சமாக்கியது அவர்தம் தெரிவே. தமிழில் எச்சம் முற்றின் ஏவற்பொருளைத் தானும் பெறுமாதலின் ஆணை கெடவில்லை. கெட்டது சமநிலை. மனந்திரும்புதல் முழுக்கிற்கு முன்னிகழ்வாகச் சுருங்குகிறது. எச்சத்திற்குப் பின் நிற்பதால் ‘பாவமன்னிப்புக்கென்று’ என்பதும் முழுக்கினை மட்டுமே தழுவுகிறது.

படர்க்கை ஏவலைத் தமிழால் காட்ட இயலாது என்று கூறுவதற்கில்லை. வியங்கோள் இதற்கெனவே அமைந்த வடிவம். தொல்காப்பியர் அதனைத் தன்மை, முன்னிலை இடங்களிலிருந்து விலக்கிப் படர்க்கைக்கு உரியதாகக் கூறுவது இங்கு நினைக்கத்தக்கது. ‘மனந்திரும்புங்கள், உங்களுள் ஒவ்வொருவரும் முழுக்குப் பெறுக’ என்பது போன்ற அமைப்பு இரு ஆணைகளையும் தனித்தனியே நிறுத்தியிருக்கும்.

5. செய்பவர் யார்?

மீட்பு பற்றிய வாதத்தின் உயிர்நிலை, மனிதன் செய்வது எது, அவனுக்குச் செய்யப்படுவது எது என்பதாகும். இலக்கணத்தில் இது வினைப்பாங்கின்பாற்படும். அப்போஸ்தலர் நடபடிகள் 2:40இல் கிரேக்கம் செயப்பாட்டுவினை ஏவலை ஆள்கிறது. மீட்கப்படுதலுக்கு இடங்கொடுங்கள் என்பது அதன் கருத்து. ஐக்கியத் திருப்புதல் இதனை ‘இரட்சித்துக்கொள்ளுங்கள்’ எனத் தற்பயன் வினையாக்கியது; ஆங்கிலத் திருப்புதலும் இவ்வாறே செய்தது. 22:16இல் கிரேக்கம் தற்பயன் பாங்கை ஆள்கிறது. பவுல் தனக்கென முழுக்கினைப் பெற்றுத் தன் பாவங்களைக் கழுவிக்கொள்ளும்படி பணிக்கப்படுகிறார். இங்குத் தமிழ் ‘கழுவப்படு’ எனச் செயப்பாட்டுவினையாக்கியது. செயப்பாட்டுவினை தற்பயனாகவும், தற்பயன் செயப்பாட்டுவினையாகவும் இடம் மாறியுள்ளன. இவ்விரு வசனங்களின் தமிழ் வினைவடிவங்களை மட்டும் கொண்டு மனித முயற்சியின் பங்கை அளப்பவர், மூலத்திற்கு நேர்மாறான முடிவையே எட்டுவர்.

22:16இல் இன்னொரு மாற்றமும் உண்டு. மூலத்தில் கழுவுதலுக்குச் செயப்படுபொருள் பாவங்கள். தமிழில் ‘போக’ என்னும் எச்சத்திற்குப் பாவங்கள் எழுவாயாக, கழுவப்படுபவர் பவுல் ஆகிறார். நீக்கப் பொருள் தரும் கிரேக்க முன்னொட்டினைப் ‘போக’ என்னும் எச்சத்தால் உணர்த்தியது திறமையான ஆட்சி என்பதில் ஐயமில்லை. ‘கழுவிப் போக்கிக்கொள்’ என்றிருப்பின் அத்திறத்தோடு வினைப்பாங்கும் காக்கப்பட்டிருக்கும்.

சபையினரின் பேச்சு வழக்கும் கருதத்தக்கது. ஞானஸ்நானம் ‘கொடுத்தல்’ வழங்குவோரையும், ‘பெறுதல்’ ஏற்போரையும், ‘எடுத்தல்’ ஏற்போரின் முடிவையும் முன்னிறுத்துகின்றன. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்பது இயல்பு. குழந்தை ஞானஸ்நானம் எடுத்தது என்பது அத்துணை இயல்பன்று. ஆகவே துணையாக வரும் வினையே பேசுவோரின் கொள்கையைப் பல நேரங்களில் காட்டிவிடுகிறது.

6. கூப்பிடுதலும் தொழுதலும்

மன்றாட்டே மீட்பின் வழி என்போர் ரோமர் 10:13ஐ எடுத்துக்காட்டுவர். அங்கும் 22:16இலும் வருவது பெயரைச் சொல்லி உதவிக்கு அழைத்தலைக் குறிக்கும் ஒரே கிரேக்க வினை. தமிழ் இதனைத் ‘தொழுதுகொள்’ என்றது. தொழுதல் நெடிய வழிபாட்டு ஒழுக்கத்தைக் குறிக்க, கூப்பிடுதல் இடுக்கண் நேரத்து ஒரு செயலைக் குறிக்கும். ‘தொழுது’ என்ற அளவில் உதவி வேண்டல் என்னும் கூறு மங்கிவிடுகிறது.

22:16இன் ‘தொழுதுகொண்டு’ இருபொருள்படும். ‘தொழுதுகொள்’ என்பதன் எச்சமாயின் தொழுதல் முன்னிகழ்வு. உடனிகழ்ச்சி வாய்பாடாயின் தொழுகையும் முழுக்கும் ஒருங்கு நிகழ்வன. கிரேக்கத்தில் இறுதியில் நின்ற எச்சம் தமிழில் வினைக்கு முன் வந்தேயாக வேண்டும். ஆயினும் அது முழுக்கிற்கு முன்னோ, கழுவுதலுக்கு முன்னோ நிற்கலாம். முழுக்கிற்கு முன் நிறுத்தியதால் மன்றாட்டு முதலிடம் பெற்றது. ‘ஞானஸ்நானம்பெற்று’ என எச்சமாக்கியதால் முழுக்கு கழுவுதலின் முன்நிலையாயிற்று. மூலத்தில் இவ்விரண்டும் இணையான ஏவல்கள். இவ்வாறு ஒரே தமிழ்த் தொடர் இரு தரப்பாருக்கும் மூலத்தில் இல்லாத வலிமையை அளிக்கிறது.

7. ‘இது’ எது?

எபேசியர் 2:8இல் அருளுக்கு ‘ஆல்’ உருபும், நம்பிக்கைக்குக் ‘கொண்டு’ என்னும் சொல்லுருபும் வந்துள்ளன. அருள் மூலகாரணம், நம்பிக்கை கருவி என்னும் மூலத்தின் வேறுபாட்டினை இவை செம்மையாகக் காட்டுகின்றன. ஆயின் தொடர்ந்து வரும் ‘இது’ எதனைச் சுட்டுகிறது என்பதில் தமிழ் வாசகர் மயங்குவர். கிரேக்கத்தில் அருளும் நம்பிக்கையும் பெண்பால், சுட்டோ அலிப்பால். எனவே அது முழு நிகழ்வையும் சுட்டுவதாகப் பலர் கொள்வர். தமிழில் பண்புப்பெயர்கள் அனைத்தும் அஃறிணையாதலின் அக்குறிப்பு மறைந்து, அருகிலுள்ள நம்பிக்கையைச் சுட்டுவதாகவும் கொள்ள இடமேற்படுகிறது. இது மொழியமைப்பின் விளைவு, மொழிபெயர்ப்பாளரின் பிழையன்று. ‘இவ்வாறு மீட்கப்பட்டது’ என விரித்துக் கூறின் மயக்கம் நீங்கும். ஆயின் அது விளக்கமாகிவிடும். இத்தகைய இடங்களில் அடிக்குறிப்பே தக்க வழி.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, கலைச்சொல்லைக் காட்டிலும் உருபு, எச்சம், துணைவினை ஆகியவையே தமிழாக்கத்தில் கொள்கைச் சார்பை மிகுதியும் தாங்குகின்றன. இரண்டாவது, மூலத்தின் ஒரே தொடரைப் பல வடிவங்களில் பெயர்ப்பது நடைக்கு அழகு சேர்ப்பினும் ஒப்பிட்டு ஆராயும் உரிமையை வாசகரிடமிருந்து பறிக்கிறது. மூன்றாவது, தமிழில் மூலத்திற்கு நிகரான இருபொருண்மை இயல்பாகவே கிட்டும் இடத்தில் அதனை நீக்குவதற்கு மொழிபெயர்ப்பாளர் தக்க காரணம் காட்ட வேண்டும்.

ஐக்கியத் திருப்புதல் நூற்றைம்பது ஆண்டுகளாக மக்களின் நாவில் நிலைபெற்ற நூல். அதன் தொடர்களை மனப்பாடமாக அறிந்தோர் அவற்றைக் கொண்டே தம் மீட்பு உறுதியானதா என்று தம்மைத் தாமே சோதித்துக்கொள்கின்றனர். அயலாரின் மீட்பையும் அளக்கின்றனர். அவ்வளவு பெரிய தீர்ப்பினை ‘கொள்’ என்னும் ஒரு துணைவினையின்மீது ஏற்றுவதற்கு முன், அத்துணைவினை மூலத்திற்கு உரியதா, தமிழாக்கத்திற்கு உரியதா என்று வினவுதல் வேண்டும். அவ்வினாவை எழுப்பத் தேவையான குறிப்புகளை வாசகருக்கு வழங்குவது இனிவரும் திருத்தப் பதிப்புகளின் கடமையாகும்.